சீட்டுப் பெட்டி டாக்டர்

வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். வயது இருபது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன். திடீரென்று ஒருநாள் தனக்குத் தானே பேச ஆரம்பிக்கிறான். சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்கிறான். இரவெல்லாம் தூங்குவதில்லை. பெற்றோர் பதறிப்போய் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். அவர்கள் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். பிள்ளை பழையபடி ஆவானா, மாட்டானா?

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த டாக்டராலும் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு பேர் ஒரே மாதிரி கத்துவார்கள், ஒரே மாதிரி அழுவார்கள். ஆறு மாதத்தில் ஒருவர் குணமாகிக் கடைக்குப் போய் வியாபாரத்தைக் கவனிப்பார். மற்றவர் சாகும்வரை ஆஸ்பத்திரியிலேயே கிடப்பார். ஏன் இந்த வித்தியாசம் என்று யாருக்கும் தெரியாது.

இதற்குப் பதில் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் எமில் கிரேப்லின் என்ற ஜெர்மன் டாக்டர். அவர் கையாண்ட ஆயுதம் மருந்து அல்ல, கத்தியும் அல்ல. சாதாரணக் காகிதச் சீட்டுகள்!

பாட்டுக்காரர் மகன்

ஜெர்மனியின் வடக்கே நாய்ஸ்ட்ரெலிட்ஸ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1856-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி எமில் பிறந்தார். தகப்பனார் இசை நாடகங்களில் பாடியவர். பிறகு சங்கீத வாத்தியாராக இருந்தார். கதைகளைச் சுவையாக வாசித்துக் காட்டுவதிலும் கெட்டிக்காரர்.

ஆனால் பையனுக்கு வழி காட்டியவர் அண்ணன் கார்ல். தம்பியைவிட ஏழு வயது மூத்தவர். செடி கொடிகள், பூச்சிகள், விலங்குகள் என்றால் அவருக்கு உயிர். பிற்காலத்தில் ஹாம்பர்க் நகர விலங்கியல் பொருட்காட்சிசாலையின் தலைவராகவே ஆனார். ஒரு செடியைப் பார்த்தால் அது எந்த இனம், எந்தக் குடும்பம் என்று பார்த்துப் பிரித்து வைப்பதைத் தம்பிக்குக் கற்றுக் கொடுத்தார். பூ மட்டும் ஒரே நிறமாக இருந்தால் இரண்டும் ஒரே செடி ஆகிவிடாது அல்லவா? வேர், இலை, காய், அது வளரும் விதம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சிறுவயதில் படித்த இந்தப் பாடம் எமிலுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

1874-இல் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். லைப்சிக், உர்ட்ஸ்பர்க் என்ற இரண்டு ஊர்ச் சர்வகலாசாலைகளிலும் படித்தார். லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் உண்ட் என்ற பேராசிரியர் இருந்தார். மனத்தின் வேலையையும் கருவி வைத்து அளக்கலாம் என்று காட்டியவர் அவர். 1879-இல் அவர் அமைத்த சோதனைச்சாலைதான் மனோதத்துவத்துக்கென்று ஏற்பட்ட முதல் சோதனைச்சாலை என்று சொல்வார்கள். எமிலுக்கு அவர்மேல் அளவு கடந்த பக்தி.

அவரோடேயே இருந்துவிடத்தான் எமில் ஆசைப்பட்டார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே! பதினைந்து வயதிலேயே இனா என்ற பெண்ணுக்கும் அவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மனோதத்துவத்தில் சம்பளம் கிடையாது. மனநோய் வைத்தியத்தையே தொழிலாக வைத்துக்கொள்ளும்படி உண்ட் புத்திமதி சொன்னார். சீடரும் கேட்டுக்கொண்டார்.

கஷ்ட காலம்

1878-இல் டாக்டர் பட்டம் பெற்று, முனிச் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் குடன் என்ற பெரிய டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைக்கக் கூடாது என்பது குடனின் கொள்கை. அவரே பின்னால் பவேரியா நாட்டு மன்னர் இரண்டாம் லுட்விக்குக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று சான்று எழுதினார். 1886 ஜூன் 13-ந் தேதி மன்னரும் டாக்டரும் ஏரிக்கரையில் உலாவப் போனவர்கள், இருவருமே தண்ணீரில் பிணமாகக் கிடந்தார்கள். என்ன நடந்தது என்பது இன்றுவரை விளங்காத மர்மம்.

குடனின் ஆஸ்பத்திரியில் எல்லாரும் மூளையை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனநோய் என்பது மூளை நோய்தானே, மூளையை நன்றாக ஆராய்ந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று அந்நாளில் நம்பினார்கள். கிரேப்லினுக்கு அதில் மனம் ஓடவில்லை. இறந்தவனின் மூளையைவிட, உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறவன் என்ன செய்கிறான் என்பதே அவருக்கு முக்கியமாகப் பட்டது.

1882-இல் லைப்சிக் திரும்பினார். அங்கே மேலதிகாரியோடு மனஸ்தாபம். வேலை போயிற்று. கையில் காசு இல்லை. கல்யாணம் வேறு காத்திருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் மனநோய் வைத்தியத்தைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு சிறிய புத்தகம் எழுதும் வேலை வந்தது. பணத்துக்காக எழுதிய புத்தகம்! 1883-இல் வெளிவந்தது. அதையே பிறகு திருத்தித் திருத்திப் பெரிதாக்கினார். எட்டாம் பதிப்பு 1909 முதல் 1915 வரை நான்கு பெரும் பாகங்களாக வந்தது. இன்றைய மனநோய் வைத்தியத்துக்கு அடிப்படை போட்ட நூல் அதுதான்.

1884-இல் இனாவைக் கல்யாணம் செய்துகொண்டார். குடும்ப வாழ்க்கையில் துக்கத்துக்குக் குறைவில்லை. பிறந்த குழந்தைகளில் சிலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார்கள். நான்கு பெண்கள் வளர்ந்து ஆளானார்கள்.

பாஷை தெரியாத டாக்டர்

1886-இல், முப்பதாவது வயதில், டோர்ப்பாட் நகரத்தில் பேராசிரியர் உத்தியோகம் கிடைத்தது. அந்த ஊர் அப்போது ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. இப்போது எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு என்று பெயர். ஆஸ்பத்திரியில் 80 படுக்கைகள் இருந்தன.

அங்கே ஒரு விசித்திரமான தொல்லை. டாக்டருக்குத் தெரிந்தது ஜெர்மன் பாஷை. நோயாளிகளில் பெரும்பாலோர் பேசியது எஸ்டோனியன், லாட்வியன், ரஷ்யன். நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்த்துச் சொன்னால்தான் உண்டு. புத்தி தெளிவாக இருக்கிறவன் பேச்சையே மொழிபெயர்ப்பது கஷ்டம். பேதலித்தவன் பேச்சை எப்படி மொழிபெயர்ப்பது?

ஆகவே அவர் வேறு வழியில் போனார். நோயாளி என்ன சொல்கிறான் என்பதை விட்டு, என்ன செய்கிறான் என்று கவனித்தார். எப்படி நடக்கிறான், எப்படி உட்காருகிறான், கையை நீட்டினால் கை கொடுக்கிறானா, தூக்கம் உண்டா, சாப்பாடு உண்டா, போன மாதம் எப்படி இருந்தான், இந்த மாதம் எப்படி இருக்கிறான். குறையே ஒரு வகையில் பயிற்சியாக முடிந்தது. ஆனால் இதில் ஒரு கெடுதலும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

ரஷ்ய அரசாங்கம் அந்தச் சர்வகலாசாலையில் ரஷ்ய பாஷையைப் புகுத்த முனைந்தது. ஜெர்மன் பேராசிரியர்களுக்கு அங்கே இருப்பு கொள்ளவில்லை. 1891-இல் கிரேப்லின் ஜெர்மனிக்குத் திரும்பி ஹைடல்பர்க் நகரத்தில் பேராசிரியரானார்.

இரண்டு காய்ச்சல்

அவர் ஹைடல்பர்க்கில் செய்ததைப் புரிந்துகொள்ள, நமக்குத் தெரிந்த காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம்.

இரண்டு பேருக்குக் காய்ச்சல். இருவருக்கும் இன்று மாலை 103 டிகிரி. இருவருக்கும் தலைவலி, உடம்பு வலி. இந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே நோய் போலத்தான் தோன்றும். ஆனால் பத்து நாள் பொறுத்து, தினமும் காய்ச்சலை அளந்து எழுதிப் பாருங்கள். ஒருவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப் போடுகிறது, நடுநாளில் எழுந்து உட்காருகிறார். இது முறைக் காய்ச்சல். மற்றவருக்குப் படிப்படியாக ஏறி, இறங்காமல் நிற்கிறது. இது டைபாய்டு. ஒரு நாள் தோற்றம் ஏமாற்றும். பல நாள் போக்கு ஏமாற்றாது.

மனநோயிலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கிரேப்லின் எண்ணினார். அந்நாளில் டாக்டர்கள் கண்ட தோற்றத்துக்கெல்லாம் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். சிரித்தால் ஒரு நோய், அழுதால் ஒரு நோய், பேசாமல் இருந்தால் இன்னொரு நோய். ஒரே மனிதன் ஒரு வருஷத்தில் மூன்று நோய்க்காரன் ஆகிவிடுவான்! பெயர்கள் பெருகினவே தவிர, அவை யாருக்கும் பயன்படவில்லை.

இந்த யோசனை முழுவதும் கிரேப்லினுடையது என்று சொல்ல முடியாது. கார்ல் கால்பாம் என்ற ஜெர்மன் டாக்டர் அவருக்கு முன்பே நோயின் முழுப் போக்கையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். பிரான்சில் ஃபால்ரே என்பவர் 1854-லேயே, வெறியும் சோர்வும் வட்டமாகச் சுற்றி வரும் ஒரு நோயை விவரித்திருந்தார். கண்முன்னால் வேறோர் உதாரணமும் இருந்தது. சிபிலிஸ் என்னும் மேக நோய் மூளையைத் தாக்கினால், முதலில் பெருமை பேசுவான், பிறகு நாக்குக் குழறும், பிறகு கை கால் விழும், கடைசியில் மரணம். தோற்றங்கள் வேறு வேறு, நோய் ஒன்றே. இதை டாக்டர்கள் அறிந்திருந்தார்கள். மற்ற மனநோய்களும் இப்படியே தத்தம் பாதையில் போகுமா? அதைக் கண்டுபிடிக்க, நூற்றுக்கணக்கான பேரை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். அந்த வேலையைத்தான் கிரேப்லின் மேற்கொண்டார்.

பெட்டியும் சீட்டும்

சீட்டு என்றதும் சீட்டாட்டம் என்று நினைத்துவிட வேண்டாம்! ஜனத்தொகைக் கணக்கு எடுப்பதற்காக ஜெர்மனியில் அப்போது தனித்தனிச் சீட்டுகளைப் பயன்படுத்தி வந்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு. அந்த முறையைக் கிரேப்லின் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தார்.

நோயாளி ஒருவர் வந்தால் அவருக்கு ஒரு சீட்டு. பெயர், வயது, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா, எப்படி ஆரம்பித்தது, இப்போது என்ன நிலை என்று முக்கியமான விவரங்கள் அதில் ஏறும். முதல் பரிசோதனை முடிந்ததும், இன்ன நோயாக இருக்கலாம் என்று டாக்டர்கள் தங்கள் ஊகத்தை எழுதி ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். சில நாட்களுக்குப் பின் ஊகம் மாறினால் அதையும் எழுதிச் சேர்ப்பார்கள். நோயாளி வெளியே போகும்போது கடைசி முடிவை எழுதுவார்கள். முதலில் நினைத்தது என்ன, கடைசியில் தெரிந்தது என்ன என்று சீட்டே காட்டிக் கொடுத்துவிடும். டாக்டர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

அதோடு விடவில்லை. ஹைடல்பர்க் ஆஸ்பத்திரி சிறியது. நாள்பட்ட நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கிரேப்லின் விசாரித்துக்கொண்டே இருந்தார். அந்த ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ப் பழைய நோயாளிகளைப் பார்த்தார். கிடைத்த செய்தி சீட்டில் ஏறியது. விடுமுறைக்குப் போகும்போதுகூடச் சீட்டுக் கட்டுகளைக் கையோடு எடுத்துப் போனார். மற்றவர்கள் மலையைப் பார்த்தார்கள். இவர் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒன்று போல முடிந்தவற்றை ஒரு பக்கமாகச் சேர்த்துப் பார்த்தார்.

அப்படிச் சேர்த்ததில் இரண்டு பெரிய குவியல்கள் தெரிந்தன.

ஒரு குவியலில் இருந்தவர்களுக்கு நோய் பெரும்பாலும் இளம் வயதில் ஆரம்பித்தது. பிறகு மனத்தின் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. உணர்ச்சி வற்றியது, ஆசாபாசங்கள் போயின. இதற்கு டிமென்ஷியா பிரீகாக்ஸ் என்ற பெயரைக் கொடுத்தார். இளமையிலேயே வரும் அறிவுத் தேய்வு என்று அர்த்தம். இப்பெயர் அவர் புத்தகத்தின் நான்காம் பதிப்பில், 1893-இல் முதலில் இடம் பெற்றது.

இன்னொரு குவியலில் இருந்தவர்களுக்கு நோய் வந்து வந்து போயிற்று. சில மாதம் அளவு மீறிய உற்சாகம், ஓயாத பேச்சு, தூக்கமின்மை. சில மாதம் தாங்க முடியாத சோர்வு. நடுவில் பழைய மனிதர்களாகவே ஆகிவிட்டார்கள். அறிவு தேயவில்லை.

1899-இல் வந்த ஆறாம் பதிப்பில் இந்த இரண்டு பெரும் பிரிவுகளையும் தெளிவாக எழுதினார். மனநோய் வைத்தியத்தில் அன்றுமுதல் புது அத்தியாயம் என்றே சொல்லலாம். மகன் குணமாவானா என்று கேட்கிற தாய்க்கு, ஊகமாகவாவது ஒரு பதில் சொல்ல டாக்டரிடம் முதல் தடவையாக ஏதோ ஒன்று இருந்தது.

பீர் நகரத்தில் எலுமிச்சைச் சாறு

1903-இல் முனிச் நகரத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு அங்கே புது ஆஸ்பத்திரி திறந்தார்கள். முனிச் என்றால் பீருக்குப் பேர் போன ஊர். அந்த ஊரில் வந்து கிரேப்லின் மதுவை எதிர்த்தார்!

இது வெறும் பிடிவாதம் அல்ல. மது, தேயிலை முதலியவை மனத்தின் வேலையை எப்படி மாற்றுகின்றன என்று கருவி வைத்து அளந்து 1892-இலேயே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். 1895 முதல் தாமே மதுவை அடியோடு விட்டுவிட்டார். தம் ஆஸ்பத்திரியிலும் மதுவுக்கு இடமில்லை என்றார். அங்கே கிடைத்தது எலுமிச்சைச் சாற்றுப் பானம். ஊரார் கேலி செய்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை.

அவருடைய இன்னொரு சோதனையும் வேடிக்கையானது. ஒற்றை இலக்க எண்களை வரிசையாக எழுதிக் கொடுத்து, நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போகச் சொல்வார். முதல் ஐந்து நிமிஷத்தில் எத்தனை, அடுத்த ஐந்து நிமிஷத்தில் எத்தனை என்று கணக்கு. பழக்கத்தால் வேகம் ஏறுவதும், களைப்பால் இறங்குவதும் கோடு போட்டாற்போலத் தெரிந்துவிடும். இந்தக் கூட்டல் சோதனையை உச்சிடா என்ற மனோதத்துவ அறிஞர் ஜப்பானுக்கு ஏற்றபடி அமைத்தார். அந்நாட்டில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அது வெகுகாலம் பயன்பட்டது.

முனிச்சில் அவரிடம் வேலை செய்தவர்களில் ஒருவர் அலாய்ஸ் அல்சைமர். சம்பளம் இல்லாமல், சொந்தப் பணத்தைச் செலவிட்டு மூளையை ஆராய்ந்தவர். ஞாபக மறதியால் அவதிப்பட்டு இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் அவர் கண்ட மாறுதல்களை 1906-இல் ஒரு கூட்டத்தில் சொன்னபோது யாரும் கவனிக்கவில்லை. 1910-இல் தம் புத்தகத்தில் அந்த நோய்க்கு அல்சைமர் நோய் என்று பெயர் கொடுத்தவர் கிரேப்லின்தான்.

ஜாவாவில்

ஐரோப்பாவில் கண்ட நோய்கள் மற்ற நாட்டு மக்களுக்கும் உண்டா? இந்தக் கேள்வியோடு 1903-ஆம் ஆண்டுக் கடைசியில் அண்ணன் கார்லுடன் கப்பல் ஏறி ஜாவாத் தீவுக்குப் போனார். அங்கே பௌட்டன்ஸார்க் என்ற ஊரில், இப்போதைய போகோரில், டச்சுக்காரர்கள் கட்டிய பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருந்தது. அண்ணன் பூச்சிகளையும் விலங்குகளையும் பார்த்தார், தம்பி நோயாளிகளைப் பார்த்தார்.

இளமையில் வரும் அறிவுத் தேய்வு ஜாவா மக்களிடமும் இருந்தது. ஆனால் மதுவால் வரும் பைத்தியத்தை அவர்களிடம் காணவில்லை. மேக நோயால் வரும் மூளைச் சிதைவையும் காணவில்லை. அந்த மக்கள் குடிப்பதில்லை என்பதை அவர் குறித்துக்கொண்டார். நாட்டுக்கு நாடு மனநோயை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு புது ஆராய்ச்சிக்கு இந்தப் பயணம் அடிகோலியது.

குறைகள்

அவருடைய பெருமையை இவ்வளவு சொன்னபின் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் குறை முறையிலேயே இருக்கிறது. முடிவைப் பார்த்துக் குவியல் பிரித்தார். கெட்ட முடிவுக்கு வந்தவர்களை ஒரு பெயரில் சேர்த்துவிட்டு, பிறகு இந்தப் பெயர் உள்ளவர்களுக்குக் கெட்ட முடிவுதான் வரும் என்றால், அது வட்டமாகச் சுற்றுவது அல்லவா? அறிவுத் தேய்வு என்று அவர் பெயர் வைத்த நோயிலும் சிலர் தேறினார்கள். ஸ்விட்சர்லாந்து டாக்டர் யூஜன் பிளாய்லர் இதைக் கவனித்து, 1908-இல் பெயரையே மாற்றினார். ஸ்கிஸோஃபிரினியா என்ற பெயர் அப்போதுதான் பிறந்தது. மனச்சிதைவு நோய் என்று நாம் தமிழில் சொல்கிறோம். எல்லா நோயாளிகளையும் இரண்டு குவியலில் சுத்தமாகப் பிரித்துவிட முடியாது என்று கிரேப்லினே 1920-இல் எழுதினார். அறுபத்து நாலு வயதில், தாம் கட்டிய கோட்டையில் தாமே விரிசல் காட்டுவதற்குத் துணிவு வேண்டும்.

சீட்டுகளிலும் குறை உண்டு. மிஞ்சியிருக்கும் சீட்டுகளை 1990-களில் வரலாற்று அறிஞர்கள் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு விவரம் அவற்றில் இல்லை. மனத்தில் முன்பே வகுத்துக்கொண்ட பிரிவுகளுக்கு ஏற்றபடியே பல குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. அன்று கணக்கு என்பது கண்ணளவுக் கணக்குதான்.

இரண்டாவது குறை, டோர்ப்பாட்டில் ஆரம்பித்தது. நடத்தையைப் பார்த்துப் பழகியவர், பேச்சைக் காது கொடுத்துக் கேட்கத் தவறினார். ஒரு வாலிபனை மாணவர்கள் முன் நிறுத்தி அவர் செய்த பிரசங்கம் அச்சில் இருக்கிறது. பையன் கத்துகிறான். அவன் பேச்சில் உபயோகமான செய்தி ஒன்றும் இல்லை என்று டாக்டர் முடித்துவிடுகிறார். 1960-இல் ஆர். டி. லேயிங் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் அதே பிரசங்கத்தைத் திரும்பப் படித்தார். பையன் உளறவில்லை, தன்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டுக் காட்சிப் பொருளாக்கும் டாக்டரையே கேலி செய்கிறான் என்று எடுத்துக் காட்டினார். படித்துப் பார்த்தால் லேயிங் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

மூன்றாவது மிகக் கொடியது. நாகரிகத்தால் ஜனங்களின் வம்சம் கெட்டுக்கொண்டு வருகிறது என்ற கொள்கையைக் கிரேப்லின் நம்பினார். யூதர்களைப் பற்றியும் துவேஷமான எண்ணங்கள் அவரிடம் இருந்தன. இத்தனைக்கும் 1917-இல் முனிச்சில் அவர் மனநோய் ஆராய்ச்சி நிலையம் அமைத்தபோது, பெருந்தொகை கொடுத்து உதவியவர் ஜேம்ஸ் லோப் என்ற அமெரிக்க யூதர்! லோப் ஒரு காலத்தில் அவரிடம் வைத்தியம் செய்துகொண்டவர். கிரேக்க, லத்தீன் நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட ஏற்பாடு செய்து புகழ் பெற்றவரும் அவரே.

கிரேப்லின் 1922-இல் பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1926 அக்டோபர் 7-ந் தேதி முனிச்சில் காலமானார். அவர் உடல் ஹைடல்பர்க்கில் அடக்கம் செய்யப்பட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1933-இல், ஹிட்லர் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று சொல்லி, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் குழந்தை பிறக்காமல் ஆபரேஷன் செய்யும் சட்டம். அதற்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் ரூடின். கிரேப்லினின் சீடர், அவர் அமைத்த நிலையத்தில் வளர்ந்தவர். அந்தச் சட்டத்தில் இருந்த நோய்ப் பட்டியலில் மனச்சிதைவும் இருந்தது, வெறியும் சோர்வும் மாறி வரும் நோயும் இருந்தது. பெட்டியிலிருந்து வெளிவந்த இரண்டு குவியல்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. சுமார் 4 லட்சம் பேருக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. பிறகு 1940, 1941-ஆம் ஆண்டுகளில் சுமார் 70,000 நோயாளிகளை விஷப் புகையால் கொன்றே போட்டார்கள். கிரேப்லின் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பதில் பயன் இல்லை. ஆனால் நோய்க்காக எழுதிய ஒரு சீட்டு, மனிதனைத் தள்ளி வைக்கும் சீட்டாக மாறலாம் என்பதை அந்தப் பட்டியல் காட்டிவிட்டது.

சீட்டு போய்க் கணிப்பொறி வந்தது

உலகப் போருக்குப் பின் அவர் பெயர் கொஞ்ச காலம் மங்கிக் கிடந்தது. 1970-களில் அமெரிக்க டாக்டர்கள் சிலர் அவர் வழிக்குத் திரும்பினார்கள். 1980-இல் அந்நாட்டு மனநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அவர் கை தெரிந்தது. முனிச்சில் அவர் அமைத்த நிலையம் இப்போது மாக்ஸ் பிளாங்க் மனநோய் ஆராய்ச்சி நிலையமாக நடக்கிறது.

அவர் கண்ணளவில் செய்ததைக் கணக்கு முறையாகவே செய்ய இப்போது வழி இருக்கிறது. 1990-களில் டேனியல் நாகின் என்ற அமெரிக்க அறிஞர் அதற்கு ஒரு முறை வகுத்தார். முதலில் அது நோயாளிகளுக்காக ஏற்பட்டதல்ல, குற்றவாளிகளுக்காக! ஒரு பையன் பத்து வயது முதல் முப்பது வயது வரை எந்தெந்த வயதில் எத்தனை குற்றம் செய்தான் என்று கோடு போட்டால், சிலர் கோடு ஏறி இறங்குகிறது, சிலர் கோடு இறங்குவதே இல்லை. ஒன்று போன்ற கோடுகளைக் கணிப்பொறி தானே சேர்த்து, எத்தனை குழுக்கள் இருக்கலாம், இன்னார் எந்தக் குழுவைச் சேர்ந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். இதில் ஒரு நல்ல அம்சம், எவரையும் ஒரே குவியலில் ஆணி அடித்து வைப்பதில்லை. நூற்றுக்கு எண்பது இந்தக் குழு, இருபது அந்தக் குழு என்று சந்தேகத்தையும் சேர்த்தே சொல்கிறது. வைத்தியர்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள்.

சென்னையிலும் கிரேப்லின் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். 1981-ஆம் ஆண்டு வாக்கில், மனச்சிதைவு நோய் முதன்முதலாகக் கண்ட 90 பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆண்டுதோறும் அவர்கள் நிலையைப் பார்த்து எழுதி வந்தார்கள். இந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் டாக்டர் தாரா. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர் அவர். மருந்தும் வீட்டார் துணையும் இருந்த அந்த நோயாளிகளில், இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிறு பகுதியினரே. பலருக்கு நோய் வந்தது, தணிந்தது, மறுபடி வந்தது. நடுவில் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை குட்டி பெற்றார்கள். 20 ஆண்டுகள் முடிந்தபோது 61 பேரைத் தேடிப் பிடித்துப் பார்த்து, அவர்கள் நிலையையும் எழுதிச் சேர்த்தார்கள்.